தாமதமாகப் பிடித்த பிரேக்

ஏற்காடு
21.11.2025

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த ஸ்வீடன் குளிரில் நீ இருமல் இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் எங்கள் கவலை. இங்கே ஐப்பசி முடிந்தும் மழை விட்டபாடில்லை, சமையலறையில் இரண்டு இடத்தில் ஒழுகி, அங்கப்பனைக் கூப்பிட்டு ஓடு மாற்றினோம், மிளகு இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது. போனில் பேசினால் எதையாவது சொல்லிச் சிரித்து மழுப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாமல் படி.

தானாக ஓடும் கார் செய்கிற உங்கள் கம்பெனியின் சோதனை வண்டி இங்கே பனிமூட்டத்தைப் படம் பிடிக்க வந்தபோது, எங்க அப்பா முப்பது வருடம் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர், இந்த மலை ரோடு அவருக்கு அத்துப்படி என்று சொல்லி டிரைவர் வேலைக்கு என் பெயரைக் கொடுத்தவள் நீதான். அப்போது கண் எப்படியிருக்கிறது என்று கேட்டாய், கழுகு மாதிரி என்றேன். அது பொய், கண்ணு. இரண்டு வருடமாகவே பார்வை மங்கித்தான் இருந்தது. வெயில் அடிக்கும் நாளிலும் எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்று கிட்டே வந்தால்தான் தெரியும், ரோட்டுப் பழக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டுவதை விட்டால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன் என்ற பயம், வேறொன்றுமில்லை.

போன மாதம் ஒன்பதாம் தேதி காலை ஏழரை மணி இருக்கும், வெள்ளக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம், நல்ல மூட்டம். பக்கத்து சீட்டில் உங்கள் பெங்களூர் ஆபீஸ் ஜீவானந்தம் மடியில் கம்ப்யூட்டரோடு இருந்தார். உனக்குத் தெரிந்ததுதான், அந்த வண்டி இப்போதைக்குத் தானாக ஓடாது, ஓட்டுவது நான், கருவிகள் எதைப் பார்க்கின்றன என்று திரையில் கவனிப்பது அவர். சாதாரணக் கேமராவில் வெறும் வெள்ளைதான். ஆனால் ரேடாரும் உடம்புச் சூட்டைப் பார்க்கிற கேமராவும் சேர்ந்து ரோட்டின் நடுவில் ஒரு கட்டம் போட்டுக் காட்டியிருக்கின்றன. “ஐயா, முன்னால ஆளு இருக்குதுங்க, நிறுத்துங்க” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கருவிக்குத்தான் கோளாறு என்று நினைத்து, “யாருமில்லீங்களே தம்பி” என்று சொல்லிக்கொண்டே வண்டியை விட்டேன். மறுபடியும் அவர் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

இறங்கிப் பார்த்தால் பம்பருக்கு இரண்டடி முன்னால் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். சந்தையில் பழம் விற்கிற கிளியூர் பூவாயி. மொபெட்டிலிருந்து மூட்டை விழுந்து கிழிந்துபோய், ரோடெல்லாம் சிதறின ஆரஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், மேலே சாம்பல் நிற ஜெர்கின். “ஏனுங்கண்ணா, உங்க லைட்டு எனக்கு அப்பவே தெரிஞ்சுதுங்க, பாத்து ஒதுங்கிப் போயிருவீங்கன்னு நெனச்சேன்” என்றாள். நானும் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து ஆரஞ்சு பொறுக்கினேன்.

ஜீவானந்தம் நல்ல பிள்ளை. “கிட்ட வந்ததும் எனக்கே வெறுங்கண்ணுல மங்கலாத் தெரிஞ்சாங்க, உங்களுக்குத் தெரியலீங்களா?” என்று மெதுவாகத்தான் கேட்டார். மூட்டத்தின்மேல் பழியைப் போட வார்த்தை வாய்வரை வந்தது. பூவாயியை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை. சாவியை அவர் கையில் கொடுத்து, எனக்குக் கண் தெரியலீங்க தம்பி, இனிமேல் நான் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்த வண்டியை, எஸ்டேட்டில் என்னோடு ஜீப் ஓட்டிய செபாஸ்டின்தான் ஓட்டுகிறான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா, “கோயில்ல பாட்டுப் புத்தகத்தத் தலகீழாப் புடிச்சுட்டுப் பாடினீங்களே, அப்பவே எனக்குத் தெரியுமுங்க, நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்” என்று சொல்லி, சும்மா இருந்தது தன் தப்பும்தான் என்று நொம்ப நேரம் அழுதாள். அந்த வாரமே சேலம் போனோம். புரை என்றார்கள், வலது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இடது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுப் பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தேன், எல்லாரும் பாக்கறாங்க சும்மா இருங்க என்று உன் அம்மா கிள்ளினாள். நேற்றுச் சந்தையில் பூவாயியை ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே அடையாளம் கண்டு நான்தான் முதலில் கையைத் தூக்கினேன்.

உனக்கு இதையெல்லாம் எழுதக் காரணம் வேறு. அன்றைக்கு வண்டியில் பதிவானதைப் பார்த்துவிட்டு, எச்சரிக்கை வந்தும் டிரைவர் ஏன் உடனே நிறுத்தவில்லை, அது தெளிவாக வரவில்லையோ என்று அங்கே உங்கள் ஸ்வீடன் ஆபீசில் கேட்டிருக்கிறார்களாம். ஜீவானந்தம் பதில் போடாமல் வைத்திருக்கிறார். மேடத்தோட அப்பாவைப் பத்தி நான் எப்படிங்க எழுதறது என்கிறார். அதனால் நீயே எழுது, சாமி. கருவி சரியாகப் பார்த்தது, சரியான நேரத்தில் சொன்னது, டிரைவருக்குத்தான் கண்ணில் புரை, அதை அவன் மறைத்துவிட்டான் என்று எழுது. அப்பா என்று பார்த்து ஒரு வரியைக்கூடக் குறைக்காதே. என்னால் உன் பெயருக்கு ஒரு சொல் வந்தால் என்னை மன்னித்துக்கொள். நல்லபடியாக வேலை செய்கிற ஒன்றை என் பொய்யால் பழுது என்று நினைத்து நீங்கள் பிரித்துப் போட்டுவிடக் கூடாது.

ஆண்டவர் உன் உடம்புக்கும் வேலைக்கும் துணையாக இருப்பாராக. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே. அதற்குமுன் அந்தப் பதிலை அனுப்பிவிடு.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
ஆ. தேவசிகாமணி