முதல் பக்கத்தில் விபத்து

செப்டம்பர் 2, திங்கள்
பன்னிரண்டு ஆண்டுச் செய்தி நறுக்குகளை இன்று பிரித்து முடித்தேன். பதினான்காம் தேதி பத்திரிகையாளர் மன்றத்தில் பேச வேண்டும். ‘விபத்து’ என்ற ஒரு சொல்லை மட்டும் தேடினேன். எங்கள் பத்திரிகை, தலைநகரப் பத்திரிகைகள், எல்லாவற்றிலும் ஒரே பழக்கம்தான். சுரங்கக் கம்பெனியின் இயந்திரம் உடைந்தால் ‘கவனக்குறைவு’, ‘நாசவேலை’. கழிவுக் குவியலில் செம்புக்கல் பொறுக்குபவர்கள் புதைந்தால் ‘விபத்து’. பல செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவள் நான்தான்.

என் கணவர் எவரிஸ்டோ சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். “மீன்ல முள்ளு எடுக்கிற மாதிரி பேப்பர்ல வார்த்தை பொறுக்குறியே, கசூபா அம்மா.”

செப்டம்பர் 5, வியாழன்
இரவு எவரிஸ்டோ தட்டிலிருந்த ன்ஷிமாக் களியைத் தொடவில்லை. கம்பெனியில் கழிவுக் குவியலின் சரிவை அளப்பது அவர் வேலை. மேற்குப் பக்கம் விரிசல், உள்ளங்கை நுழையும் அகலம். மழைக்கு இரண்டு மாதம் இருக்கிறது, பார்க்கலாம் என்றாராம் மேலாளர். வாராந்திரப் பாதுகாப்புத் தாளில் ‘பாதுகாப்பானது’ என்று கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டேன். போட்டேன் என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்
குவியல் மேற்கே சரிந்தது. உள்ளே ஏழு பேர். அலுவலக வாசலில் நிலக்கடலை விற்கும் எக்சில்டாவின் கணவர் லாக்சனும் அதில்.

நிருபர் ‘துயர விபத்து’ என்று எழுதிக் கொடுத்தான். அந்தச் சொற்களை அடிக்கப் பேனாவை எடுத்தபோது எவரிஸ்டோவின் தொலைபேசி. அலுவலகத்துக்கு அவர் அழைப்பதே இல்லை.

“விபத்துன்னே இருக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள்.”

‘துயர’ என்பதை மட்டும் அடித்தேன். என்ன திருத்தம் இது?

செப்டம்பர் 10
‘விபத்து’, முதல் பக்கத்தில். கொட்டை எழுத்தில். திருத்தியது என் கை.

செப்டம்பர் 12, வியாழன்
எக்சில்டா வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். மூன்று உடல்கள்தான் கிடைத்திருக்கின்றன, லாக்சன் இல்லை. ஆண்கள் வெளியே விறகு நெருப்பைச் சுற்றி; நாங்கள் உள்ளே பாயில். எக்சில்டா அழவில்லை. மடியில் எங்கள் பத்திரிகையை மடித்து வைத்திருந்தாள்.

“அக்கா, என் தம்பி படிச்சுக் காட்டினான். விபத்துன்னா யாரையும் போய்க் கேக்க வேண்டாம், அப்படித்தானே?”

பக்கத்திலிருந்தவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி
அந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்று ஆசிரியர் சிகாஸ்வேயிடம் கேட்டேன். ஆதாரம் எங்கே என்றார். இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை என்றேன். “வீட்ல பேசிட்டு வாங்க அம்மா” என்றார்.

எவரிஸ்டோவிடம் பேசினேன். நீங்கள் சொன்னால் ஒழிய ஒரு வரியும் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் சுவரையே பார்த்தார்.

“இந்த வீடு கம்பெனியோடது. தெரியுமில்ல?”

தெரியும். எங்கள் பிள்ளை கசூபாவுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, அதுவும் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எக்சில்டாவின் மடியில் இருந்த அந்தப் பத்திரிகை — அதை எப்படி மறப்பது?

செப்டம்பர் 14
மன்றத்துக்குப் போகவில்லை. உடல்நலமில்லை என்று சொல்லி அனுப்பினேன். எந்த முகத்தோடு அந்த நறுக்குகளை விரித்துக் காட்டுவேன்?

செப்டம்பர் 15, ஞாயிறு
எவரிஸ்டோ தேவாலயத்துக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது மேசையில் ஒரு தாள். ‘ஐந்தாம் தேதி விரிசலைப் பார்த்தேன். அளந்தேன். மேலாளரிடம் சொன்னேன். பிறகு பாதுகாப்பானது என்று கையெழுத்திட்டேன்.’ கீழே முழுப் பெயர்.

தப்பு ஏதும் இருந்தால் திருத்து என்றார். ஓர் எழுத்தையும் தொடவில்லை.

“மேலாளர் பேரை மட்டும் போட்டு என்னோடதை விட்டுடலாம்னு நினைக்காதே” என்றார். நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்
‘நான்கு நாள் முன்பே தெரிந்த விரிசல்’ — சிகாஸ்வேயின் தலைப்பு. என் வீட்டுச் செய்தி என்பதால் என்னைத் தொடவிடவில்லை, அது சரிதான். ‘விபத்து’ எங்குமில்லை. தலைநகரப் பத்திரிகைகள் இன்னும் விபத்து என்றே போடுகின்றன.

மதியம் கம்பெனிக் கடிதம். எவரிஸ்டோவுக்குப் பணியிடை நீக்கம். வீட்டைக் காலி செய்ய முப்பது நாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “சுத்தமா எழுதியிருக்கான், ஒரு பிழை இல்ல” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாதுதான்.

செப்டம்பர் 19
லாக்சன் கிடைத்தார். ஏழாவது, கடைசி.

செப்டம்பர் 21, சனி
நேற்று அடக்கம். நான் மட்டும் போயிருந்தேன். இன்று மதியம் எவரிஸ்டோ சொல்லாமல் கிளம்பினார். எக்சில்டா வீட்டுப் பாதையில் நடந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த ஆண்கள் என்ன செய்வார்கள்? அடிப்பார்களா? முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா? நான்கு மணி நேரம் பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தேன்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார். சட்டையைக் கழற்றிப் போட்டார். துவைக்க எடுத்தபோது சட்டை முழுக்க விறகுப் புகை.