நீ எனக்காகப் பேச மறுத்த நாள்

என் தோழிக்கு,

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடையைத் தாண்டும்போது அதிமதுர வாசனை வந்தது. காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண், "கொஞ்சம் நவுந்துக்க அக்கா" என்று சொன்ன பிறகுதான் கால் நகர்ந்தது. நீ போய் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டது. உன் கைப்பையில் எனக்காகவே கிடந்த அதிமதுரக் குச்சிகள் நினைவுக்கு வந்தன. "மென்னுகிட்டே இரு, குரல் வந்துரும்" என்பாய்.

கழுத்துக் கட்டியை எடுத்த பிறகு என் குரல் போயிருந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில், "மெதுவா வரும்மா. முழுசா வருமான்னு சொல்ல முடியாது" என்றார்கள். விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பியபோது வெறும் காற்றுதான் வந்தது. பதினோராம் வகுப்புக்கு வேதிப்பிணைப்பு நடத்த வேண்டிய நேரம். சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சின் பேச்சில் என் குரல் மூழ்கிப் போகும். தலைமை ஆசிரியை கனிவாகத்தான் கேட்டார். "கொஞ்ச நாள் ஆபீஸ் வேலையப் பாக்குறீங்களா மிஸ்?"

சரியென்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பக்கத்து வகுப்பில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த உனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஆபீஸ்ல ஒக்காந்து ஸ்டாம்ப் குத்தப் போறியா?"

"வேற என்னடி பண்றது?"

"வாய் இல்லாம நடத்து. நான் கூட வரேன்."

மறுநாள் நீ சுத்தியல் கொண்டுவந்தாய். நான் மரக்காணத்துக் கல்லுப்பும் செம்புக் கம்பியும் எடுத்து வைத்தேன். ஒன்றும் பேசாமல் ஒரு பெரிய உப்புக்கல்லை அடித்தேன்; சிதறியது. கம்பியை அடித்தேன், தட்டையானதே தவிர உடையவில்லை. பேட்டரியும் சின்ன பல்பும் இணைத்து, காய்ந்த உப்பில் கம்பி முனைகளை வைத்தேன். பல்பு எரியவில்லை. உப்பைத் தண்ணீரில் கரைத்து வைத்ததும் மங்கலாக எரிந்தது. "எப்படி மிஸ்?" என்று கடைசி பெஞ்சு முன்னால் வந்து நின்றது.

"அலோன்!" என்றாய். 'வாங்க, போவோம்' என்பதற்கு உன் வீட்டுப் பிரெஞ்சு. பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாய். பாதிப் பேர் நெஞ்சில் கூட்டல் குறி, மீதிப் பேருக்குக் கழித்தல் குறி. உப்புக்குள் இருப்பதுபோல் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி நிற்க, கூட்டலுக்கு எதிரே கழித்தல் வருமாறு இரண்டு வரிசை. நான் கை தட்டியதும் ஒரு வரிசை ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தது. இப்போது கூட்டலுக்கு எதிரே கூட்டல், கழித்தலுக்கு எதிரே கழித்தல். ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு விலகி ஓடினார்கள். அடுத்து, செம்புக் கம்பியின் முறை: கூட்டல்காரர்கள் மட்டும் வரிசையில் நின்றார்கள். கழித்தல்காரர்கள் அவர்களுக்கு நடுவே இஷ்டத்துக்கு ஓடினார்கள். வரிசை நகர்ந்தும் கூட்டம் கலையவில்லை. ஒரே கூச்சல்.

தலைமை ஆசிரியை வந்துவிட்டார். "என்ன இது? கெமிஸ்ட்ரி பீரியடா, பி.டி. பீரியடா?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீயோ கையைக் கட்டிக்கொண்டு, "அவங்க கிளாஸ் மிஸ். அவங்களையே கேளுங்க" என்றாய். அந்த நொடி உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம்!

வாயைத் திறந்தேன். உடைந்த குரல்தான் வந்தது. "உப்புல ஒவ்வொரு அயனிக்கும் ஒரு எடம் உண்டு மிஸ். அடிச்சா எடம் மாறி, ஒரே மின்சுமை எதிரெதிரா வந்துடும். அதான் உடையுது. உலோகத்துல எலக்ட்ரான் எல்லாருக்கும் பொது. வரிசை நகர்ந்தாலும் அது புடிச்சுக்கும்." சொல்லும்போதுதான் கவனித்தேன். அத்தனை பிள்ளைகளும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியையும்தான். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஆபீஸ் வேலைப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அன்று மாலை குருசுக்குப்பத்தில் உன் வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "நான் பேசியிருந்தா நாளைக்கும் நான்தான பேசணும்?" என்று கேட்டுவிட்டு, தட்டில் மீன் குழம்பை ஊற்றினாய். கோபம் குறையாமலே சாப்பிட்டேன்.

பிறகு உன் இதயம் உன்னைக் கைவிடத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து உன்னால் பேச முடியவில்லை. என்னைப் பேசச் சொல்லிக் கையசைத்தாய். வகுப்பில் நடந்ததையெல்லாம் தினமும் சொன்னேன். சிரிக்கும்போது உன் தோள் குலுங்கும்.

என் குரல் இன்னும் கரகரப்புத்தான். பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள். நேற்று, வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து நின்றாள். "மிஸ், பாதரசமும் உலோகந்தான? அது மட்டும் ஏன் தண்ணியாட்டம் ஓடுது?" பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. "நீ என்ன நெனைக்கிற?" என்றேன். அவள் திணறினாள். பக்கத்தில் இருந்தவள் சொல்ல வாயெடுத்தாள், கையமர்த்தினேன்.

சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வகுப்பே காத்திருந்தது. அவள் பேசத் தொடங்கினாள்.