வெளியூர் கேலரியில் அப்பா

24 பிப்ரவரி, செவ்வாய்

மார்ச் 14 கால்பந்து ஆட்டத்துக்கான பந்தோபஸ்துத் திட்டம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. மேலதிகாரிக்கு இன்னும் திருப்தியில்லை. போன வருஷம் ஆட்டம் முடிந்ததும், வெளியூர் கேலரிக்குப் பின்னால் இருக்கிற நடைவழியில்தான் அடிதடி ஆரம்பித்தது. பதினோரு பேருக்கு மண்டை உடைந்தது, அதில் இரண்டு பேர் போலீஸ்காரர்கள். அதனால் இந்த முறை வெளியூர் ரசிகர்கள் எண்ணூறு பேரும் நாங்கள் சொல்லும் பஸ்ஸில்தான் வர வேண்டும். யார் எந்தப் பஸ், எந்த இருக்கை என்ற பட்டியல் ஒரு வாரம் முன்பே என் மேஜைக்கு வந்துவிட வேண்டும். டிக்கெட் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கைக்குக் கிடைக்கும். இறங்கினால் நேரே கேலரி. ஆட்டம் முடிந்தபின் உள்ளூர்க்காரர்கள் கலையும்வரை நாற்பத்தைந்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, நேரே பஸ்.

கடைசி விசில் ஊதியதும் நடைவழிக் கதவைப் பூட்டிவிடலாம் என்றது நான். மேலதிகாரி தலையாட்டினார். அவர் தலையாட்டுவது லேசில் நடக்காது. பூரித்துத்தான் போனேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அந்த எண்ணூறு பேரில் அப்பாவும் இருப்பார்.

26 பிப்ரவரி, வியாழன்

அப்பாவுக்கு எழுபத்து நான்கு. அம்மா போன பிறகு எங்கேயும் நகர்வதில்லை. நான் கூப்பிட்டால், சும்மா வந்து உன் வீட்டில் என்ன பண்ணுவது என்பார். வருஷத்துக்கு ஒரே முறை, அவருடைய அணி இந்த ஊரில் ஆடும்போது வருவார். ஆட்டம் முடிந்து நடந்தே வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, உப்பு ஜாடி, ஸ்பூன், என் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, அன்றைய ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிக் காட்டுவார். இரண்டு நாள் இருப்பார். அந்த இரண்டு நாளைத்தான் நானே கையெழுத்துப் போட்டு ரத்து செய்திருக்கிறேன்.

போனில் சொன்னேன். ரயிலில் வாங்க, உள்ளூர் கேலரியில் டிக்கெட் எடுத்துத் தருகிறேன், வீட்டில் தங்கலாம் என்றேன்.

"அவங்க கோல் போட்டா நானும் எழுந்து நின்னு கை தட்டணுமா? போம்மா."

பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டதாம். இன்ஸ்பெக்டரம்மா சட்டம் போட்டால் பெற்ற அப்பனும் மதிக்க வேண்டும் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1 மார்ச், ஞாயிறு

காலையிலிருந்து அந்தக் குடைக்காரர் ஞாபகம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அப்பா என்னையும் வெளியூர் ஆட்டங்களுக்குக் கூட்டிப்போவார். நான்கு மணி நேர ரயில். ஒரு பெட்டி முழுக்க நம் ஆட்கள். இடம் இல்லாவிட்டால் என்னைத் தூக்கிப் பெட்டி வைக்கும் பலகைமேல் உட்காரவைத்துவிடுவார்கள். இறங்கும் ஊரில் பந்தோபஸ்து என்று பார்த்தால் ஒரே ஒரு போலீஸ்காரர். தொப்பை, கையில் கறுப்புக் குடை. குடையைத் தூக்கினால் நடக்க வேண்டும், இறக்கினால் நிற்க வேண்டும். இருநூறு பேர் அவர் பின்னால் சந்து சந்தாக நடந்து மைதானத்துக்குப் போவோம். கடைக்காரர்கள் கேலி செய்வார்கள், நாங்களும் திருப்பிச் செய்வோம். ஆட்டம் முடிந்து ஸ்டேஷன் டீக்கடையில் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நடுவரைத் திட்டுவார்கள். குடைக்காரரும் கூடச் சேர்ந்து திட்டுவார்.

நான் போலீஸ் ஆனதற்கு அந்தக் குடைதான் காரணம் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். பொய் என்று சொல்ல முடியாது. அப்போதும் கைகலப்பு நடந்திருக்கும். எனக்கு நினைவில் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் காலம் ஒருமுறை திரும்பி வந்தால் என்ன?

7 மார்ச், சனி

பட்டியல் வந்தது. நான்காவது பஸ், இருக்கை 31 அப்பா. 32, அவருடைய முப்பது வருஷச் சிநேகிதர், கேலரியில் மேளம் அடிக்கிற மேளக்காரர்.

14 மார்ச், சனி

முடிந்தது. ஒரு கல் விழவில்லை.

இரண்டுக்கு ஒன்று, அப்பாவின் அணி ஜெயித்தது. கடைசி நிமிஷக் கோல். கண்ட்ரோல் ரூமில் கை தட்ட முடியுமா? மேஜைக்கு அடியில் கால் விரலை மடக்கி உட்கார்ந்திருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் ஆறாவது கேமராவில் அப்பாவைத் தேடிப் பிடித்தேன். மேளக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். ஒருமுறை எழுந்து கீழே கதவு வரை போய்க் காவலரிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனார். கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பையனிடம், அது என் அப்பா என்று சொன்னேன். நானும் கை காட்டினேன். அவருக்கு எப்படித் தெரியும்? அசடு.

பஸ்கள் வரிசையாகக் கிளம்பின. மேலதிகாரி கை கொடுத்தார்.

15 மார்ச், ஞாயிறு

அப்பாவிடம் பேசினேன். கோலைப் பற்றிக் கேட்டால், நல்ல கோல் என்றார். அவ்வளவுதான். உப்பு ஜாடி இல்லாமல்கூட அரை மணி நேரம் பேசுகிற மனுஷன்.

"போதும்மா. இனிமே டிவியிலயே பாத்துக்கறேன்."

வயதாகிவிட்டதாம். ஜெயித்த மறுநாளா ஒருத்தருக்கு வயதாகும்?

19 மார்ச், வியாழன்

ஆட்டத்தின் ஃபைலை முடிக்கக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பஸ் கம்பெனியில் வண்டி கழுவுகிறவர் எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது. முதல் பஸ், ஜன்னலில் கீறல். இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. நான்காவது பஸ், இருக்கை 31 சிறுநீர் ஈரம், உறை மாற்றப்பட்டது.

பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன்.

கழிப்பறை அந்த நடைவழியிலதான் இருக்கு. கதவுக்கு அந்தப் பக்கம். எனக்குத் தெரியாதா? வரைபடம் மூணு வாரமா என் மேஜைமேலதான கிடந்துச்சு? எவன் எவனை அடிப்பான்னு யோசிச்சேனே, யாருக்கு அவசரமா வரும்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா? ரெண்டு தடவை எழுந்து போனாரே. கையைத் தூக்கி ஆட்டினாரே. நான் பல்லைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தேனே - பாவி.

சின்ன வயதில் ஒருமுறை, ஆட்டத்தின் நடுவில் எனக்கு அவசரமாக வந்துவிட்டது. அந்த மைதானத்தில் பெண்களுக்கென்று தனியாக இல்லை. அப்பா உள்ளே இருந்த ஆண்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, கதவுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் ஒரு கோல் விழுந்தது. சத்தம் மட்டும்தான் கேட்டது அவருக்கு. அந்தக் கோலை அவர் இன்று வரை பார்த்ததில்லை. ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை.

20 மார்ச், வெள்ளி

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கதவு என் யோசனை, தப்பு என்னுடையது, அடுத்த முறை திறந்திருக்க வேண்டும். ஒருவரும் புகார் கொடுக்கவில்லையே என்றார். புகார் கொடுக்கிற விஷயமா சார் இது என்றேன். யார் அவர் என்று கேட்டார். சொன்னேன்.

பேனாவை மூடி வைத்தார். சொந்தக்காரர் கூட்டத்தில் இருக்கிறார் என்று நான் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். அது நியாயம்தான். இனி கால்பந்துப் பந்தோபஸ்து எனக்கில்லை. கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

22 மார்ச், ஞாயிறு

ரயில் பிடித்து அப்பா வீட்டுக்குப் போனேன். மதியம் வரை மழை, காய்கறி விலை என்றே பேசிக்கொண்டிருந்தோம். காய்ந்த துணியை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"கேமராவைப் பாத்துக் கை காட்டினீங்களேப்பா. எனக்கு டாட்டா காட்டறீங்கன்னு நினைச்சேன்."

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார்.

"உன்னைத்தான் கூப்பிட்டேன். நீ உள்ள இருப்பேன்னு தெரியும்ல."

ஏன் போன் பண்ணவில்லை என்றேன். பெற்ற பெண்ணிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது, சுற்றிலும் ஆட்கள் வேறு என்றார். பஸ் ஏறும்வரை எப்படியோ அடக்கியிருக்கிறார். மேளக்காரர் தன் சட்டையைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு, வெறும் பனியனோடு வழி முழுக்க வந்தாராம். விஷயம் அவர்கள் இருவரோடு போய்விட்டது என்று அப்பா நினைத்திருந்தார். இப்போது எனக்கும் தெரியும் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த துணியை எடுத்தார். நான் தெரியாத மாதிரியே இருந்திருக்கலாமோ?

9 அக்டோபர், வெள்ளி

புது சீசன் இந்த முறை சீக்கிரமே தொடங்கிவிட்டது; அடுத்த வாரம் அதே ஆட்டம், அதே மைதானம். திட்டத்தை என் கண்ணில் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பா பஸ்ஸுக்குப் பெயர் கொடுக்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

17 அக்டோபர், சனி

அப்பா வீட்டில், டிவியில் பார்த்தோம். மூன்றுக்குப் பூஜ்யம், அப்பாவின் அணிக்குச் சரியான உதை. கேலரியைக் காட்டும்போதெல்லாம் அவர் திரையை நெருங்கி உட்கார்ந்தார். விசில் ஊதியதும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைத்தான் பார்த்தார்.

இருபதாவது நிமிஷம் போன் அடித்தது. மேளக்காரர். பின்னால் ஒரே இரைச்சல். அப்பாவுக்குக் காது மந்தம், சத்தமாக வைத்துத்தான் கேட்பார்.

"அண்ணே, கதவு திறந்துதான் கிடக்கு. ஆளுக்கு ஆள் போயிட்டுப் போயிட்டு வர்றாங்க. நானும் ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு."

அப்பா போனையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிய, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா இருந்தபோது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. நானும் சிரித்தேன், பிறகு அழுதேன். அவர் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு மேளக்காரரிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை.

"அடுத்த வருஷ பஸ்ஸுக்கு எப்பய்யா பேரு குடுக்கணும்? எனக்கு வழிப்பக்கமா ஒரு சீட்டுப் போட்டு வை."