ஆடியது லாபிஸ் இல்லை

வியாழன், இரவு.

குமரேசன் முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை. எங்கள் பிரிவின் தலைவர். நிலநடுக்கப் பதிவுகளைச் சலிக்கும் நிரலை எழுதியவரும் அவர்தான். அதிலுள்ள லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சுற்று, ஒவ்வோர் ஊரின் பதிவாக எடுத்துப் பார்த்து, கெட்டதை வரிசையிலிருந்து நீக்கும். நீக்கியதும் அடுத்த பதிவு அந்தக் காலி இடத்துக்கு நகர்ந்துவிடும். நிரலோ அதைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடும்.

இன்று ரெங்கம், லாபிஸ் இரண்டு ஊர்க் கருவிகளும் கெட்டிருந்தன. வரிசையிலும் அவை அடுத்தடுத்து வருபவை. ரெங்கம் நீங்கியது, லாபிஸ் தப்பிவிட்டது. மதியம், அந்தக் கெட்ட பதிவை நம்பி, லாபிஸில் நில அதிர்வு என்று அறிவிப்பே போய்விட்டது.

"டேட்டா பாத்தது நீதானே?" எல்லார் முன்னாலும் என்னிடம் கத்தினார்.

"பாஸ், வரிசைய அப்படியே ஒரு காப்பி எடுத்து அதுல லூப் ஓட்டுங்க, எதுவும் தப்பாதுன்னு போன மாசமே சொன்னேன்லா."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நாளைக்கு மீட்டிங்ல நான் பேசிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் வெளிய வாயத் திறக்கக் கூடாது."

நாளைக்காம்! அவர் மானம் நாளை வரை காத்திருக்கும். லாபிஸில் இருக்கும் என் தங்கை? நான் சாப்பிட உட்கார்ந்தபோது அழைத்தாள். கைக்குழந்தையோடு வாசலில் பாய் விரித்திருக்கிறாள். அங்கே மழை தூறுகிறதாம்.

"அக்கா, மறுபடியும் ஆடுமா?"

"ஐயோ அலமாக், உள்ள போய்ப் படுடி! ஆடினது லாபிஸ் இல்ல, எங்க பாஸ் எழுதின லூப்பு. பக்கத்து வீட்டுலயும் சொல்லு. யாரு சொன்னான்னு கேட்டா, என் பேரையே சொல்லு."