மோட்டார் இல்லாத டீசல் எஞ்சின்

8 ஜூலை, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். போன வாரத்துத் துணியே இன்னும் கொடியில்.

மதியம் கூரியர். கோயம்புத்தூரிலிருந்து, இவர் பெயருக்கு. பிரித்தால் இரண்டு டீசல் எஞ்சின்கள். பொம்மை அளவு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். பெயிண்ட் இல்லை, வெறும் சாம்பல் நிறம். ஏப்ரலில் ஆர்டர் கொடுத்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். மே மாதம் பக்கவாதம் வந்து விழுந்தார். எஞ்சின் இப்போது வந்து நிற்கிறது.

இதில் வேடிக்கை, டீசல் என்றாலே இவருக்கு ஆகாது. பின்னறையில் முப்பது வருஷமாக ரயில் ஓட்டுகிறார். போர்டிங் ஸ்கூலில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ஒரு பெட்டி தண்டவாளத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பிடித்த பைத்தியம். இப்போது பெரிய மேஜை, அதன் ஒரு முனையில் கொடைரோடு ஸ்டேஷன், ஜன்னலோரம் சோழவந்தான், அதற்கப்பால் சுவர். அந்தக் காலத்து மீட்டர் கேஜ் லைன். எல்லாம் கரி எஞ்சின்கள். ஒரு டீசல் வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டால், "புகையில்லாத வண்டி ஒரு வண்டியா?" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

கட்டிலில் வைத்துக் காட்டினேன். பார்த்தார். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் சொன்னது: வலது கை மெல்ல வரும், பேச்சு வந்துவிட்டது, பேச வைப்பது உங்கள் பொறுப்பு. எப்படி வைப்பது என்று அவர் சொல்லவில்லை. நான் ஏதாவது கேட்டால் "ம்". கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தாகம் எடுத்தால்கூடத் தண்ணீர் கேட்பதில்லை, நானாகக் கொடுத்தால் குடிக்கிறார். இந்த மனிதர் எதையாவது ஒன்றை வாய் திறந்து கேட்க மாட்டாரா என்று இருக்கிறது. குழம்பில் உப்பு இல்லை என்று ஒரு திட்டு. அது போதும் எனக்கு.

9 செவ்வாய்

காற்று. கரண்ட் போவதும் வருவதுமாக.

பின்னறையைத் திறந்தேன். ஈர வாடை. மேஜை மேல் போர்த்தியிருந்த போர்வையில் பூஞ்சணம். தண்டவாளமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. இந்த மலை ஊர் ஈரத்தில் கொஞ்ச நாள் விட்டால் இப்படித்தான். இவர் தினமும் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார், வேறு சோலி இல்லையா என்று நான் திட்டுவேன். இன்று நான் துடைத்தேன். பஞ்சு பஞ்சாகக் கறுப்பு.

பார்க்க வேண்டியவை:
ஸ்பிரிட் தீர்ந்தது.
மாத்திரை, வெள்ளை மட்டும்.
போர்வை துவைக்க (எங்கே காயப்போட?).
ஞாயிறு வத்தலக்குண்டு. தங்கை பேத்திக்குக் காதுகுத்து. பக்கத்து வீட்டு மும்தாஜிடம் இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல.

ஒரு எஞ்சினைத் தண்டவாளத்தில் ஏற்றவே பாதிக் காலை போனது. பொடிப் பொடிச் சக்கரங்கள், ஒன்று ஏறினால் ஒன்று இறங்குகிறது. குமிழைத் திருப்பினேன். ஓடியேவிட்டது. எனக்கே சிரிப்பு. கதவை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தேன், சத்தம் கட்டில்வரை கேட்கட்டும் என்று. அங்கிருந்து ஒரு இருமல்கூட இல்லை.

இரண்டாவது எஞ்சின் அசையவில்லை. துடைத்தேன், தட்டினேன், திட்டினேன். நின்ற இடத்திலேயே நின்றது.

10 புதன்

மழை. கோயம்புத்தூர்க்காரருக்குப் போன். எஞ்சின் செய்து அனுப்பியவர்.

"அதுல மோட்டாரே கெடையாதுங்கம்மா."

"மோட்டார் இல்லாத எஞ்சினை யாருங்க வாங்குவா?"

"சாருதான் ஒண்ணுக்கு மோட்டார் வேண்டாம்னாருங்க. நானும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். பெயிண்டும் அடிக்க வேண்டாம்னுட்டாரு. வீட்ல ஒருத்தங்களக் கேட்டுத்தான் கலர் சொல்லணும்னாரு."

வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. என்னிடம் இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்குள் விழுந்துவிட்டார் போல.

சாயந்திரம் மகள் ஷீலா போன். "ரெண்டு பேரும் இங்க கோயம்புத்தூருக்கே வந்துருங்கம்மா. அந்தக் குளிர்ல அப்பா எப்படி எந்திரிப்பாரு?" பார்க்கலாம் என்றேன். இவரிடம் "போகலாமாங்க?" என்று கேட்டேன். "ம்." வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

11 வியாழன்

கொஞ்சம் வெயில். பேரிக்காய் வந்துவிட்டது, வாங்கவில்லை, பிஞ்சு.

என்ன கலர்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். டீசல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வண்டிதான். ஷீலா சின்னவளாக இருந்தபோது எனக்குப் பதவி உயர்வு வந்து விருதுநகர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போட்டார்கள். நாலு வருஷம், இவரும் ஷீலாவும் இங்கே. சனிக்கிழமை காலை வண்டியில் கொடைரோட்டில் வந்து இறங்குவேன், ஞாயிறு மதியம் திரும்ப ஏறுவேன். இரண்டுக்கும் டீசல்தான். எனக்கு அது பிடிக்கும். கரி வண்டியில் வந்தால் கண்ணெல்லாம் தூசி. டீசலில் கட்டின சேலை கட்டினபடி வீடு வந்து சேரலாம்.

அந்த ஞாயிறுகள். மலையிறங்கும் பஸ்ஸில் எனக்குக் குமட்டும், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவேன். வத்தலக்குண்டில் பஸ் மாறி, ஒரு காப்பி. கொடைரோட்டில் இவர் ஒரு பொட்டலம் திராட்சை வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுப்பார். இடுப்பில் ஷீலா. "போய்ட்டு வா" என்பார், ஏதோ கடைக்கு அனுப்புகிற மாதிரி. நாலு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போகாதே என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேலையை விட்டிருப்பேனா? மாட்டேன். சண்டைதான் போட்டிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம். வாடிப்பட்டி தாண்டும்வரை கோபத்தில் திராட்சையைத் தொடமாட்டேன். அப்புறம் மொத்தத்தையும் தின்றுவிடுவேன்.

இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது, கலர் மட்டும் இல்லை. பெண்கள் பெட்டி கடைசியில். எஞ்சினை எங்கே பார்த்தேன்.

மும்தாஜ் வீட்டுக்காரர் காஜா பாய்க்கு பஜாரில் ஹார்டுவேர் கடை. போய்ப் பெயிண்ட் கேட்டேன்.

"கேட்டுக்கு அடிக்கவாக்கா?"

"எஞ்சினுக்கு பாய்."

"அண்ணன் எந்திரிச்சிட்டாங்களா?"

"இல்ல, நான்தான் அடிக்கப்போறேன்."

ஒரு மாதிரி பார்த்தார். சின்ன டப்பாவாகப் பச்சை ஒன்று, நீலம் ஒன்று. "எது வேணாமோ அதைத் திருப்பிக் கொண்டாந்துருங்க. மூடியத் தெறந்துராதீங்க."

வீட்டுக்கு வந்து கட்டிலருகே நின்று சத்தமாகச் சொன்னேன். "பச்சை அடிக்கப் போறேங்க. அந்த வண்டி பச்சைதான்."

கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினேன்.

"நீலம்."

இரண்டு மாதத்தில் "ம்" இல்லாத முதல் சொல். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. "எனக்குப் பச்சைன்னுதான் ஞாபகம்" என்று நின்றேன்.

"நீலம். கீழ... மஞ்சக் கோடு."

நாக்கு குழறியது. கோபம் குழறவில்லை. பச்சை டப்பாவை இனி பாயிடம் திருப்ப முடியாது, போகட்டும்.

12 வெள்ளி

நீலம் காய மறுக்கிறது. இந்த ஈரத்தில் எதுதான் காயும். இரண்டு எஞ்சினையும் அடுப்பு மேடையில் வைத்தேன், இட்லிப் பானைக்குப் பக்கத்தில். மும்தாஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு என்னக்கா பலகாரம்?" என்றாள்.

மாலை, இவருடைய பழைய டப்பாவிலிருந்து மஞ்சள். கோடு போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். "கோணல்" என்றார். இடது கையை நீட்டி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். இவர் போட்ட கோடு என்னுடையதைவிடக் கோணல்.

13 சனி

குளிர். எழுந்து பார்த்தால் கட்டில் காலி. பின்னறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நிற்கிறார். "பிடிக்கவா?" என்றேன். "வேணாம்." நாற்காலியை மட்டும் கொடைரோடு முனையில் இழுத்துப் போட்டேன்.

"பெட்டிய மாட்டு."

மாட்டினேன். எஞ்சின் கொக்கி மேலே, பெட்டிக் கொக்கி கீழே. இவர் சொல்லச் சொல்லக் கம்பியை வளைத்தேன், இரண்டு தடவை திட்டு வாங்கினேன். ஓட்டிப் பார்த்தேன், சோழவந்தானில் எஞ்சினின் விலா பிளாட்பாரத்தில் உரசி நின்றது. கரி எஞ்சின் குட்டை, அதற்கு அளவெடுத்துக் கட்டியது. டீசல் நீளம், வளைவில் பிதுங்குகிறது. "ஓரத்த... செதுக்கு" என்றார். இவர் கையால் கட்டிய பிளாட்பாரம், எனக்கு மனசே வரவில்லை. "செதுக்குன்றேன்ல." பிளேடால் செதுக்கினேன்.

இடது கையால் இவரே குமிழைத் திருப்பினார். சோழவந்தானிலிருந்து வண்டி மெல்ல வந்தது. எஞ்சின் இவரைத் தாண்டிப் போகவிட்டார். கடைசிப் பெட்டி நாற்காலிக்கு நேராக வந்ததும் நிறுத்தினார். அந்த நாளிலும் பிளாட்பாரத்தின் அந்த முனையில்தான் நிற்பார், ஷீலாவோடு.

"இன்னொண்ண... இந்தப் பக்கம் வை. மதுரையப் பாத்து."

கொடைரோட்டிலேயே, அடுத்த லைனில் வைத்தேன். "இதுல மோட்டாரே இல்லையேங்க. எதுக்கு இது?"

"அது ஞாயித்துக்கெழம வண்டி."

சக்கரம் தண்டவாளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்து பார்த்தேன்.

"போகாது" என்றார்.

புகை, கரி என்று இவர் சொன்னதெல்லாம் சும்மா. எனக்கு டீசல் என்றால் வீட்டுக்கு வருகிற வண்டி. இவருக்கு என்னைக் கொண்டுபோகிற வண்டி. அதை இந்த அறைக்குள் விடாமலே இத்தனை வருஷம் இருந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பால் வைக்கவில்லை.

14 ஞாயிறு

நல்ல வெயில். துணி அத்தனையும் காய்ந்துவிடும்.

காலை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பட்டுச் சேலை, பை, குழந்தைக்குச் சின்னத் தோடு. மும்தாஜும் வந்துவிட்டாள். இவரிடம் சொன்னேன், "மத்தியானம் மும்தாஜ் சோறு போடும். சாயந்திரம் வெரசா வந்துருவேன்."

பையைப் பார்த்தார். அப்புறம் என்னை.

"ஞாயித்துக்கெழம" என்றார்.

"ஆமாங்க."

"போகாத."

மும்தாஜ் தரையைப் பார்த்தாள். எனக்குப் பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவளே வாங்கிக்கொண்டாள். அழுதேன் என்று எழுத என்ன வெட்கம். அழுதேன்.

தங்கைக்குப் போன் போட்டேன். நடந்ததை எப்படிச் சொல்வது. "பஸ்ஸே இல்லடி. ரோட்ல மரம் விழுந்து கெடக்காம்."

கட்டிலிலிருந்து சத்தம். "பஸ் இருக்கு. நான்தான்... போக வேணாம்னேன்."

போனில் மேளச் சத்தத்துக்கு நடுவே தங்கை, "யாருக்கா அது பேசுறது?" என்றாள்.

உன் மச்சான்தான் என்றேன்.