கல்லில் கட்டிய வீடு

வாட்டில் ஓடை, ஆஸ்திரேலியா, 1868

அன்பு மனைவி தாமசினுக்கு,

உன் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே தங்கம் தீர்ந்துவிட்டது. எல்லோரும் மரவீடுகளைப் பலகை பலகையாகக் கழற்றி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு சுரங்கத்துக்குப் போய்விட்டார்கள். கடைசியாகப் போன பக்கத்து வீட்டு பெத்ரிக் வண்டியிலிருந்தே கத்தினான்.

"கல்லுல கட்டாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே! இப்ப முதுகுல தூக்கிட்டு வாடா, பாக்கலாம்!"

நானும் சிரித்தேன். பலகை இடுக்கில் நுழையும் குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது என்று அவனிடம் சொல்லவில்லை.

நீ கப்பலேறுமுன் ஒரு சீட்டுக்கட்டு அனுப்பிவை, தனியாக ஆடலாம். இவ்வழியே அடுத்த சுரங்கத்துக்குப் போகும் தபால்காரன் அவசரப்படுத்துகிறான். இங்கே வரும்போது ஊர்ப்பெயரைச் சொன்னால், அப்படி ஓர் ஊரே இல்லை என்பான் வண்டிக்காரன். புகை தெரியும் இடத்தில் நிறுத்தச் சொல். அடுப்பை அணையவிட மாட்டேன்.

உன் ஜாகோ