வாலில்லாத முதலை

மார்ச் 4, கூச்சிங்

காலையிலிருந்து மழை. மாலில் கூட்டமே இல்லை. பதினோரு வருஷமாகச் செருப்புக் கடையில் நிற்கிறேன், கால் வலி மட்டும் பழகவில்லை.

ஊரில் எங்கள் இபான் ஜனங்கள் ஒரே கூரையில் சேர்ந்து வாழும் நீள்வீட்டிலிருந்து உமாங் அக்கா வாலில்லாத முதலை போட்டு நெய்து அனுப்பிய புவா துணியை மேல்மாடிக் கைவினைக் கடையில் காட்டினேன். மேடம் ஃபோங் விரித்துப் பார்த்துவிட்டு, "நீயே நெய்ஞ்சதா லூசியா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

ஏன் சொன்னேன்?

மார்ச் 19

மேடம் இன்னும் இரண்டு கேட்கிறாள். துணியில் தொங்கும் அட்டையில் என் படம், என் பேர். அக்காவிடம் "வித்துருச்சு" என்று மட்டும் சொன்னேன்.

மே 12

கவாய் அறுவடைப் பண்டிகைக்கு மாலில் உட்கார்ந்து நான் நெய்து காட்ட வேண்டுமாம். எனக்கு நூலில் முடிச்சுப் போடக்கூடத் தெரியாது. அக்காவைக் கூப்பிட்டேன். "சும்மா வந்து ஊரப் பாத்துட்டுப் போக்கா."

மே 30

வந்தாள். மாலில் ஆளுயரப் பலகையில் என் முகம், கீழே 'நெசவுக் கலைஞர் லூசியா'. படித்தாள். தறியில் உட்கார்ந்தாள்.

"இவங்க யாரு?" என்று பத்திரிகைக்காரன் கேட்டான். அவளே சொன்னாள்: "அவளுக்கு நூல் எடுத்துக் குடுக்கிறவ."

வீட்டுக்கு வந்து பையில் துணியை அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"துணிய வித்த, சரி. பேர எடுத்துக்கிட்ட, அதுவும் போகட்டும். எம்புள்ள ஆத்தோட போனப்புறம் அந்த வாலில்லாத முதலை என் கனவுல வந்ததுடி, அதத்தான் நெய்ஞ்சேன். கனவையுமா நீ கண்ட?"

"இங்க நான் யாருக்கா? செருப்பு எடுத்துக் குடுக்கிறவ. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒருத்தி என்ன இபான்னு மதிச்சுப் பாத்தா..."

"அதுக்கு நான் இல்லாமப் போகணுமா?"

ஜூன் 1

கவாய். அவள் நேற்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். இரண்டு குவளையில் துவாக், அரிசிக் கள், ஊற்றிவிட்டேன், பழக்கதோஷம்.

ஜூலை 23

மேடம் துணி கேட்கிறாள். அக்கா போனை எடுப்பதில்லை. தறியைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டு சிபு நகரத்தில் பலகை ஆலை வேலைக்குப் போய்விட்டாள் என்று ஊர்க்காரன் ஒருவன் சொன்னான்.

செப்டம்பர் 8

"பரவால்ல, போட்டோ எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் மேடம். முதலையை மிஷினில் அச்சடித்து மேஜை விரிப்பு, கைப்பை எல்லாம் வந்துவிட்டன. அட்டையில் என் படமே இருக்கட்டும் என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 15

கல்லூரிப் பெண் ஒருத்தி செருப்புக் கடைக்கே என்னைத் தேடி வந்தாள். கையில் அந்தப் பை. "நானும் இபான்தான்கா. இங்கயே பொறந்து வளந்ததால பாஷை வராது. இந்த முதலைக்கு ஏன் வால் இல்ல? என்ன அர்த்தம்?"

அக்காவை மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அந்தப் பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வாய்க்கு வந்ததை ஏதோ சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு போனாள்.